காத்துக்கு எத்தனை யுனிற்?

பொப்ஓவருக்கு ஈஸ்ற் வேண்டாம், பேக்கிங் பவுடர் வேண்டாம், சீனி கூட வேண்டாம். இரண்டு முட்டை, ஒரு கப் பால், ஒரு கப் கோதுமை மா, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி உருக்கின பட்டர். அவ்வளவுதான். கலவை தோசை மாவை விடத் தண்ணி, அப்ப மாவுக்குக் கிட்ட. 220 பாகை செல்சியஸில் வைத்தால் இருபது நிமிசத்தில் அது கிண்ணத்தை விட்டு எழும்பி, தலையைச் சரித்துக்கொண்டு நிற்கும். பிச்சுப் பார்த்தால் உள்ளுக்கு ஒண்டும் இல்லை. காத்து.

"காத்தைச் சுடவோ இவ்வளவு கரண்ட்?" எண்டு அன்ரி கேட்டா. நியாயமான கேள்வி.

நாங்கள் மூன்று பேர், கலைப்பீடம், திருநெல்வேலியில் அன்ரி வீட்டில் ஓர் அறையில் இருக்கிறோம். அவவின் குசினியில் துவாயால் மூடி, மேலே மா ரின் வைத்து, ஒரு மின்சார அவன் கிடந்தது. (இந்தச் சொல்லால் பட்ட பாடு தனிக்கதை. "அவன் சூடாகிட்டானோ பார்" எண்டு ஒருத்தி கத்தினதைப் போனில் கேட்ட அம்மா ஒருவர் அரை மணித்தியாலம் விசாரணை வைத்தா. 'போறணை' என்ற நல்ல சொல் இருக்கிறதுதான். ஆனால் அதைச் சொன்னால் விறகு எரியிற பேக்கரிதான் கண்ணுக்குள் வருகிறது, மேசையில் வைக்கிற பெட்டிக்கு ஒட்டுதில்லை.)

அன்ரி முந்தி பிறந்தநாள் கேக் ஓடர் எடுத்துச் செய்தவ. 2022 ஓகஸ்ற்றில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறினது, 2023 பெப்ரவரியில் திரும்ப 66 வீதம். கேக்கின் விலையையும் அப்படி ஏத்தினால் ஆர் வாங்குவினம்? துவாய் விழுந்தது அப்பதான். அதுக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாக் கணக்கும் 60 என்ற இலக்கத்துக்குக் கீழேதான். மாதம் 60 யுனிற்றைத் தாண்டினால் 61ஆவது யுனிற்றுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; முதல் யுனிற்றிலிருந்தே வேறு கணக்கு, நிலையான கட்டணமும் வேற. அதனால் நாங்கள் போன் சார்ஜ் போடுவதே கம்பஸிலதான்.

யூரியூப்பில் பொப்ஓவர் சுடுகிற ஆக்கள் ஒருத்தரும் மீற்றரைப் பற்றிக் கதைக்கிறதில்லை. "வீட்டில் இருக்கிற சாமானே போதும், சும்மா ஒரு காலைச் சாப்பாடு" என்கிறார்கள். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கின நாட்டில் இருந்துகொண்டு அந்தச் 'சும்மா'வைக் கேட்க ஒரு மாதிரித்தான் இருக்கும். எண்டாலும் எங்களுக்கு ஆசை போகவில்லை. தேவையானதை மட்டும் செய்து பழகின வீடுகளில் இருந்து வந்தவர்களுக்கு, ஒரு பிரயோசனமும் இல்லாத ஒண்டைச் செய்து பார்க்கிற ஆசை கொஞ்சம் கூடத்தான் வரும் போல.

"மீற்றரைப் பார்த்துப்போட்டுச் சொல்லுங்கோ," எண்டா அன்ரி. பார்த்தோம். 22 நாளில் 42 யுனிற். மிச்ச எட்டு நாளுக்கும் நாளுக்கு இரண்டு எண்டு கூட்டியே போட்டாலும் 58. கையில் இரண்டு யுனிற். அவன் 1500 வாற்று. ஒரு மணித்தியாலம் முழுக்க எரிந்தால் ஒண்டரை. ஒரே ஒருக்காச் சுடலாம். சரி வராட்டி அடுத்த மாதம்தான்.

பயம் வந்தது அதுக்குப் பிறகுதான். ஏனெண்டால் பொப்ஓவரை எழுப்புவது நீராவி மட்டும்தான். தண்ணி ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல விரியும். கலவையின் வெளிப்பக்கம் சூட்டில் தோல் மாதிரி இறுக, உள்ளே அடைபட்ட ஆவி அதை ஊதித் தள்ளும். முட்டையும் மாவும் இறுகி நிற்க முதல் கதவைத் திறந்தால் சூடு இறங்கும், எல்லாம் அமர்ந்துவிடும். எங்கள் அவனில் உள் பல்ப் பத்தாது. கண்ணாடிக்கு முன்னால் போன் ரோர்ச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் நிலத்தில் குந்தியிருந்தோம்.

தூரத்தில் நின்ற அன்ரி எப்ப கிட்ட வந்தா எண்டு தெரியாது. கலவையை ஊத்த முதலே அவதான் தன்னுடைய பழைய கப் கேக் தட்டை எடுத்துத் தந்து, எண்ணெய் தடவி வெறுமனே சூடாக்கச் சொன்னா. பக்கத்துப் பக்கத்துக் குழியில் ஊத்தாமல் ஒண்டு விட்டு ஒண்டில் ஊத்தச் சொன்னதும் அவதான். இங்கிலாந்தில் இதன் மூத்த உறவான யோக்ஷயர் புடிங்கையும் இப்படித்தான், கொழுப்பைக் கொதிக்கவிட்டு அதுக்குள் ஊத்துவார்கள். ஹன்னா கிளாஸ் என்ற பெண் 1747இலேயே தன் சமையல் புத்தகத்தில் அதை எழுதியிருக்கிறார். அன்ரி அதையெல்லாம் வாசித்தவ இல்லை. "கேக்கெண்டாலும் இதுதான். கதவில கை வையாதேங்கோ," எண்டு மட்டும் சொன்னா.

பதினைஞ்சாவது நிமிசம் ஒண்டு எழும்பினது. பிறகு ஆறும். ஒருத்தி கத்தின கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைச்சது.

அடிமட்டம் வைத்து அளந்தோம், இரண்டரை அங்குலம். பிரித்தானியாவின் றோயல் சொசைட்டி ஒஃப் கெமிஸ்ற்றி 2008இல், நாலு அங்குலத்துக்குக் குறைஞ்சது யோக்ஷயர் புடிங்கே இல்லை எண்டு அறிவிச்சது. நல்ல காலம், நாங்கள் சுட்டது பொப்ஓவர்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து அகாடியா தேசியப் பூங்காவுக்குள், ஜோர்டன் பொண்ட் ஹவுஸில், பட்டரும் ஸ்ரோபெரி ஜாமும் வைத்துத் தருவார்களாம். எங்களில் ஒருத்தி ஜாம், மற்ற இரண்டு பேரும் செத்தல் மிளகாய் போட்ட தேங்காய்ப்பூச் சம்பல். சம்பல்தான் திறம், இதில் விவாதத்துக்கு இடமில்லை. அன்ரி உள்ளுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இடம் கிடக்குது, இறைச்சிப் பிரட்டல் வைக்கலாம்," எண்டா. உடனே கணக்கும் தொடங்கினா: இரண்டு முட்டைக்கு ஆறு, தட்டு தட்டாய்த் தொடர்ந்து வைச்சால் முதல் சூடு ஒருக்காத்தான்... நாங்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடர் எடுக்கிற பழைய கொப்பி இன்னும் ஃபிரிட்ஜுக்கு மேலதான் இருக்கிறது.

அதுக்குள் தட்டில் மிஞ்சின ஒண்டு ஆறி, மேல்தோல் இளகித் துவண்டுபோனது. அன்ரி அதை அமத்திப் பார்த்தா. "இது கடைக்குக் குடுக்கிற சாமான் இல்லை பிள்ளையள். சுட்ட உடன தின்னோணும்," எண்டு சொல்லி, அதையும் சம்பலோட சாப்பிட்டா. எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவவுக்கு அப்படித் தெரியவில்லை.

அந்த மாதம் மீற்றர் 59இல் நின்றது. அடுத்த முறைக்கு அன்ரி சின்ன வெங்காயம் வதக்கிப் போடப் போறாவாம். அதுக்கு நாலு யுனிற் சேர்க்க வேணும் எண்டு ஒருத்தி இப்பவே சட்டை அயன் பண்ணுறதை விட்டிட்டாள்.