ஹீட்சிங்க் ஏன் ஆறிக் கிடக்கிறது?

"சிஸ்டம் தானா ஆஃப் ஆயிடுது தம்பி" என்று போன் வந்தால், பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மும்பையை அடுத்த இந்த அம்பர்நாத்தில் ரூம்-கிச்சன் வீடுகள் அதிகம். டேபிளின் கீழறையில் கேபினெட்டைச் செருகி, சுவரோடு சுவராகத் தள்ளியிருப்பார்கள். எட்டிப் பிடித்தால் அடுப்பு. கோடையில் இங்கும் பத்லாபூரிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கடற்காற்றெல்லாம் கடலோர மும்பைக்காரர்களுக்குத்தான். அறையில் இருக்கும் காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்த ஃபேனும் ப்ராசசரை வைத்திருக்காது. எனவே மே மாதத்தில் பத்து டிகிரி கூடுதலாகக் காட்டினால் நான் பதறுவதில்லை.

நான் போவதற்குள் யாராவது ஃபார்மட் அடித்திருப்பார்கள். சூடான ப்ராசசர் உடனே அணைவதில்லை, முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் ப்ராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது இப்படிச் செய்யும். வீட்டுக்காரர்களுக்கு அது 'ஸ்லோ'. ஸ்லோ என்றாலே வைரஸ். 2001-ல் 'டாம்ஸ் ஹார்ட்வேர்' தளத்தார் ஓடிக்கொண்டிருந்த மெஷின்களில், ப்ராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் ஹீட்சிங்கைக் கழற்றிப் படம் பிடித்தார்கள். ஏஎம்டியின் அத்லான் புகைந்து செத்தது; பென்டியம் 4 வேகத்தைக் குறைத்து உயிர் பிழைத்தது. அந்தத் தற்காப்பு இன்று எல்லா ப்ராசசரிலும் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் கோளாறை மாதக்கணக்கில் மறைத்தும் வைக்கிறது.

பயாஸுக்குள் போய் வெப்பநிலையைப் பார்ப்பேன். எண் ஏறிக்கொண்டே போனால் பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஹீட்சிங்கின் ஓரத்தில் விரலை வைப்பேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். திரை 95 காட்டியும் ஹீட்சிங்க் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால், சூடு ப்ராசசரை விட்டு மேலே ஏறவே இல்லை. ஹீட்சிங்கும் கொதித்தால், ஏறிய சூட்டைக் காற்று எடுத்துப் போகவில்லை.

காற்றுக் கோளாறில் ஏமாற்றுவது ஃபேன்தான். மேலே ஜோராகச் சுற்றும். அதைக் கழற்றினால், கீழே அலுமினியத் தகடுகளின் மேல் தூசி கம்பளமாகப் படிந்திருக்கும். தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் மழைக்கால ஈரமும் சேர்ந்த தூசி ப்ளோயருக்கு அசையாது. கையால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். மிச்சத்துக்கு ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் நிறுத்திப் பிடியுங்கள், கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும்.

ஹீட்சிங்க் ஆறிக் கிடந்தால் முதல் சந்தேகம் பின்களின் மேல். 2004-ல் 775 சாக்கெட்டோடு வந்த இன்டெல் கூலரில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின்கள். பின்னால் வந்த சாக்கெட்டுகளிலும் இதே ஏற்பாடுதான் தொடர்கிறது. தலையில் அம்புக்குறி இருக்கும். அந்தப் பக்கம் திருப்பினால் கழலும். மாட்டும்போது எதிர்த்திசையில் இருக்க வேண்டும். எதிரெதிர் மூலைகளாக அழுத்த, 'டக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நான் நம்புவதில்லை. மதர்போர்டைக் கழற்றி அடிப்பக்கம் பார்ப்பேன். வெள்ளைக் கால் ஓட்டைக்கு வெளியே வந்து, நடுவில் கறுப்புப் பின் இறங்கி, கால் விரிந்திருக்க வேண்டும். ஒன்று விரியாவிட்டாலும் அந்த மூலை தூக்கிக்கொள்ளும். ப்ராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்த நல்ல பேஸ்ட் போட்டாலும் பயனில்லை.

மறுபடி மாட்டும்போது பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, புதிதாகப் பாதிப் பட்டாணி அளவு வைத்தால் போதும். கால் உடைந்த பின்னை ஃபெவிக்விக் போட்டு ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட தாதரில் வெஸ்டர்ன் லைன் ரயிலுக்கு மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி, லாமிங்டன் ரோட்டில் புதுக் கூலர் வாங்கிவிடலாம்.

"ஒரு பின்னை அழுத்துனதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்பார்கள். பதில் சொல்வதில்லை. பக்கமூடியை மாட்டி, பெட்டி வழக்கமாக இருக்கும் இடத்திலேயே வைத்து, அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓட விடுவேன். மூடி திறந்திருக்கும்போது எடுத்த எண் எனக்குக் கணக்கில்லை. 80-க்குக் கீழே நின்றால் பில் எழுதுவேன்.