ஊட்டி மலையில் உங்க காருக்கு ஏன் மூச்சு வாங்குது?

செமஸ்டர் முடிஞ்சாச்சு. கையில லைசென்ஸ் இருக்கு. நண்பனோட அப்பா மனசு இரங்கி கார் சாவியையும் கொடுத்துட்டார். அஞ்சு பேர், அஞ்சு பை, கூடவே ஒரு கிடார் (வாசிக்கத் தெரிஞ்சவன் யாரும் இல்ல, அது வேற விஷயம்!). எங்கே போவீங்க? வேற எங்கே... ஊட்டிதான்!

மேட்டுப்பாளையம் வரைக்கும் வண்டி ஜோரா போகும். கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும்தான் கதை மாறும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் கார் யோசிச்சு யோசிச்சுதான் நகரும். உடனே பின்சீட்டிலிருந்து ஒரு குரல்... "எல்லாம் இந்த பி.எஸ்-6 பண்ற வேலைடா! புகையைக் குறைக்கிறேன்னு இன்ஜின் கழுத்தை நெரிச்சுட்டாங்க!"

பின்சீட்டு நிபுணர் சொல்றது பாதி நிஜம். மீதிப் பாதி? அதைத் தெரிஞ்சுக்க மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம், வாங்க. டர்போ எல்லாம் இல்லாத, நம்ம வீட்டு சாதாரண பெட்ரோல் கார்ல!

மேட்டுப்பாளையம்: முதல்ல ரயிலைப் பாருங்க!

கிளம்புறதுக்கு முன்னாடி ரயில்வே ஸ்டேஷனை எட்டிப் பாருங்க. 1899-ல் இங்கிருந்து குன்னூருக்கும், 1908-ல் ஊட்டிக்கும் ஏறிய மலை ரயில். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளம் இருக்கும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். ஏன் இவ்வளவு பாடு? சில இடங்களில் 12 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே ஏற வேண்டும். அதாவது சுமார் 8 சதவீத ஏற்றம். இந்த எண்ணை மனசுல வெச்சுக்கோங்க, அடுத்த ஸ்டாப்பில் தேவைப்படும்.

ரயிலுக்குப் பல்சக்கரம் இருக்கு. உங்க காருக்கு இருப்பது காற்று மட்டும்தான். டர்போ கார்னா ஒரு விசிறி காற்றை அழுத்தி இன்ஜினுக்குள்ளே திணிக்கும். டர்போ இல்லாத கார் தானாகவே மூச்சு இழுக்கணும். எவ்வளவு காற்று உள்ளே போகுதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் எரியும், அந்த அளவுக்குத்தான் சக்தி. சுருக்கமா சொன்னா, இழுக்கிற மூச்சுதான் இழுவை!

கல்லாறு - பர்லியாறு: ஒரு குட்டிக் கணக்கு

யானைகள் கடக்கிற பகுதி, அதனால ஹாரனைக் குறைச்சுட்டு மெதுவாப் போங்க. அப்படியே ஒரு கணக்கு போடலாம்.

கார், ஆட்கள், பைகள் எல்லாம் சேர்த்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஏற, மலைக்கு மட்டுமே சுமார் 15 குதிரை சக்தி வேண்டும். டயர் உராய்வு, எதிர்க்காற்று, கியர்பாக்ஸில் போகும் இழப்பு எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 20. அவ்வளவுதான்! 80 குதிரை சக்தின்னு விளம்பரத்தில் போட்ட காருக்கு இது ஜுஜுபி இல்லையா?

இல்லை. ஏன்னா, அந்த 80 கிடைப்பது இன்ஜின் 5,500, 6,000 ஆர்.பி.எம். சுற்றும்போது. 1.2 லிட்டர் இன்ஜின் 1,500 ஆர்.பி.எம்.மில் தருவது தோராயமாக 20 குதிரை சக்திக்குள்தான். தேவையும் 20, இருப்பும் 20. கையில் மிச்சம் பூஜ்யம்! உயர்ந்த கியரில் கார் முனகுவதன் ரகசியம் இதுதான். அதே இன்ஜினை இரண்டாவது கியருக்கு மாற்றி 3,000 சுற்ற விட்டால் 45 கிடைக்கும். இப்போ பாதிக்கு மேல் மிச்சம்.

அதனால், "புது வண்டி ஏறவே மாட்டேங்குது" என்று புலம்பும் பலருக்கு முதல் மருந்து மெக்கானிக் ஷெட்டில் இல்லை, இடது கையில் இருக்கிறது. கியரைக் குறைங்க பாஸ்!

சரி, புகைக் கட்டுப்பாட்டுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கு. மைலேஜும் புகைக் கணக்கும் நல்லா வரணும்னா இன்ஜின் குறைவான சுற்றில் ஓடணும். அதற்காக இப்போதைய கார்கள் பலவற்றில் கியர்களை நீளமாக அமைக்கிறார்கள். சமவெளியில் சொகுசு, மலையில் சோம்பல்.

இன்னொன்றும் கவனிச்சிருப்பீங்க. காலை எடுத்து கிளட்சை மிதித்தாலும் இன்ஜின் சுற்று சட்டென்று இறங்காது, ஒரு நொடி தொங்கும். பழைய கார்களில் ஆக்சிலேட்டரையும் இன்ஜினையும் ஒரு கம்பி இணைத்தது. இப்போ நீங்க மிதிப்பது வெறும் வேண்டுகோள்தான், முடிவெடுப்பது கம்ப்யூட்டர். காற்றை திடீரென அடைத்தால் எரியாத பெட்ரோல் குபுக்கென்று வெளியே போகும் என்பதால் அது மெல்லத்தான் மூடும்.

குன்னூர்: இன்ஜினைத் திறந்து பார்ப்போமா?

1,850 மீட்டர் உயரம் வந்தாச்சு. சூடா ஒரு டீ, வர்க்கி. சாப்பிட்டுக்கிட்டே கொஞ்சம் வரலாறு.

1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆனது. 2017-ல் நாடு முழுக்க பி.எஸ்-4. 2020 ஏப்ரல் 1 முதல் நேரடியாக பி.எஸ்-6. பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்றிருந்தது 60 ஆனது. பெட்ரோலில் இருக்கும் கந்தகமும் 50 பி.பி.எம்.மில் இருந்து 10-க்கு இறங்கியது. 2023 ஏப்ரலில் இன்னொரு செக்: ஆய்வுக்கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக இருந்தால் போதாது, நிஜ ரோட்டிலும் புகையை அளப்போம் என்றார்கள்.

இதெல்லாம் சக்தியை எப்படித் தொடும்? கன்வெர்ட்டர் என்பது வண்டிக்கு அடியில் இருக்கும் ஒரு தேன்கூடு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசியது. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்யும். ஆனால் ஒரு கண்டிஷன்: சுத்தமான பெட்ரோல் 1 பங்குக்கு காற்று 14.7 பங்கு இருக்கணும். முழு சக்தி வேண்டுமென்றால் இன்ஜினுக்குப் பிடித்த கலவை அது இல்லை. 13-க்குப் பக்கத்தில், பெட்ரோல் கொஞ்சம் தூக்கலா வேண்டும். நிஜ ரோட்டிலும் புகையை அளக்க ஆரம்பித்த பிறகு அந்தத் தூக்கலுக்கு கம்ப்யூட்டர் கஞ்சத்தனம் பண்ணுது. கன்வெர்ட்டரின் சின்னச் சின்ன துளைகளும் புகை வெளியேறுவதைக் கொஞ்சம் தடுக்கும்.

உதாரணம் வேணுமா? ஸ்விஃப்ட் எடுத்துக்கோங்க. முந்தைய மாடலில் 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 90 குதிரை சக்தி, 113 நியூட்டன் மீட்டர் டார்க். 2024 மே மாதம் வந்த புது மாடலில் அதே 1.2 லிட்டர், ஆனால் மூணு சிலிண்டர், 82 குதிரை சக்தி, 112 நியூட்டன் மீட்டர். எட்டு குதிரைகள் ஓடிப்போச்சு! பதிலுக்கு கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 22.4-ல் இருந்து 24.8 ஆச்சு. நல்லா பாருங்க... டார்க் ஏறக்குறைய அப்படியே இருக்கு. காணாமல் போன குதிரைகள் உச்ச வேகச் சுற்றில் வசித்தவை. கொண்டை ஊசி வளைவில் அவற்றை நீங்க சந்திக்கவே போறதில்ல.

இதைவிட சுவாரஸ்யம் கிராண்ட் விட்டாரா. ஒரே கார், டர்போ இல்லாத இரண்டு இன்ஜின்கள். 1,462 சிசி இன்ஜின் 103 குதிரை சக்தி. ஹைப்ரிட் வண்டியில் இருக்கும் 1,490 சிசி இன்ஜின் 92 மட்டுமே! பெரிய இன்ஜினுக்கு சக்தி குறைவா? ஆமாம். அது அட்கின்சன் முறை. உள்ளே இழுத்த காற்றில் கொஞ்சத்தை வால்வைத் தாமதமாக மூடி திருப்பி அனுப்பிவிடும். எரிபொருள் மிச்சம், இழுவை நஷ்டம். அந்த நஷ்டத்தை மின் மோட்டார் ஈடுகட்ட, மொத்தம் 116 ஆகிறது.

புகைக் கட்டுப்பாடு இன்ஜினை நிஜமாகவே நசுக்கிய காலம் ஒன்று உண்டு. 1970-களின் அமெரிக்கா. 1975-ல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் சாதாரண மாடலில் 5.7 லிட்டர் இன்ஜின் தந்தது வெறும் 165 குதிரை சக்தி. லிட்டருக்கு 29! நம்ம 'இளைச்சுப் போன' ஸ்விஃப்ட் லிட்டருக்கு 68 தருது, கடுமையான விதிகளுக்கு உட்பட்டே. அன்று பழைய இன்ஜினுக்கு வாயைக் கட்டினார்கள். இன்று இன்ஜினையே புதுசா யோசிக்கிறார்கள்.

ஊட்டி: வில்லன் யார்?

வெலிங்டன், அருவங்காடு, கேத்தி தாண்டி ஊட்டி வந்தாச்சு. 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தியா இருப்பதால் நமக்கு ஒரு சின்ன தள்ளுபடி கிடைக்கும். மேட்டுப்பாளையத்து 33 டிகிரி வெயிலையும் ஊட்டியின் 15 டிகிரி குளிரையும் வைத்துக் கணக்குப் போட்டால், அதே ஒரு லிட்டர் காற்றில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். டர்போ இல்லாத காரின் சக்தியிலும் அதே பங்கு போச்சு.

ஆக, ஸ்விஃப்ட்டில் விதியும் மைலேஜும் சேர்ந்து எடுத்தது 8 குதிரைகள். மலை எடுத்தது அதைவிட அதிகம்!

இன்னொரு விஷயம் கேளுங்க. கார்புரேட்டர் காலத்து அம்பாசடர் மலை ஏறினால் என்ன ஆகும்? மேலே போகப் போக காற்று குறையும், கார்புரேட்டர் அதற்கு ஏற்ற அளவுக்கு பெட்ரோலைக் குறைக்காது. கலவை கெட்டியாகி, கறுப்புப் புகை கக்கி, இருக்கிற சக்தியும் குறையும். இன்றைய காரில் காற்றழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கும், புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை இன்னொரு சென்சார் மோப்பம் பிடிக்கும். பெட்ரோல் அளவு உடனுக்குடன் மாறும். புகையைக் குறைக்க வந்த அந்த சென்சார்கள்தான் இன்று உங்க காரை ஊட்டியில் இருமாமல் ஓட வைக்குது. பின்சீட்டு நிபுணருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்க.

கழட்டிடலாமா?

"கன்வெர்ட்டரைக் கழட்டிட்டு ஃப்ரீ ஃப்ளோ போட்டா பிச்சுக்கும் மாப்ளே" என்று ஊருக்கு ஒருத்தன் சொல்லுவான். கேட்காதீங்க. சின்ன, டர்போ இல்லாத இன்ஜினில் கிடைப்பது சில குதிரைகள்தான், மீதி சத்தம். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், மோட்டார் வாகனச் சட்டமும் விடாது.

அதைவிட முக்கியம்... நீங்க அரை நாளில் தாண்டிப் போகும் அந்த ரோட்டோரத்தில் வருஷம் பூரா உட்கார்ந்து கேரட்டும் பழமும் விற்பவர்கள் இருக்காங்க. சீசன் நெரிசலில் ஊர்ந்து போகும் ஒவ்வொரு வண்டியின் புகையும் அவங்க மூக்குக்குத்தான். வளைவில் நமக்கு இரண்டு நொடி மிச்சமாக அவங்க நுரையீரல் வாடகை கட்டணுமா?

இறங்கும்போது இதைப் படிங்க!

ஏறும்போது கார் மெதுவாப் போனா மானம்தான் போகும். இறங்கும்போது தப்பு பண்ணினா உயிர் போகும். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரலில் விடுவது பழைய பழக்கம். இன்றைய காரில் அந்தக் கணக்கே தப்பு. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுசா நிறுத்திடும். இன்ஜினை சுற்ற வைப்பது உருளும் சக்கரங்கள். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் செலவாகும். பிரேக்கும் தனியாக எல்லாப் பாரத்தையும் சுமந்து சூடேறும். 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்று மலைப்பாதையில் போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை.

இன்னும் மூணே விஷயம். ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்கும் நீங்க ஒதுங்குங்க. ஏற்றத்தில் பஸ்ஸை ஓவர்டேக் செய்யணும்னா முதலில் கியரைக் குறைத்து, ஏ.சி.யை அணைத்து, கண்ணுக்கு எதிரே நீளமா காலி ரோடு தெரிந்தால் மட்டும் செய்யுங்க. சமவெளியில் எடுத்த தூரம் இங்கே போதாது. ராத்திரி குளிருதுன்னு இன்ஜினை ஓடவிட்டு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள் தூங்காதீங்க. எந்தக் கன்வெர்ட்டரும் கார்பன் மோனாக்சைடை நூறு சதவீதம் ஒழிப்பதில்லை.

மலை மேல யாருக்குமே கொஞ்சம் மூச்சு வாங்கும். தொட்டபெட்டா படியேறிப் பாருங்க, உங்களுக்கே வாங்கும். அதுக்காக உங்க நுரையீரலைத் திட்டுவீங்களா என்ன?