யாழ்ப்பாணத்தில் வீதி கடக்கும் பிள்ளைகள்

யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பனையை எழுதுவார்கள், கோட்டையை எழுதுவார்கள், எரிந்து மீண்டும் எழுந்த நூலகத்தை எழுதுவார்கள். சைக்கிளை எழுதாமல் விட்டவர் அந்த ஊரை பஸ் ஜன்னலால் மட்டும் பார்த்துவிட்டு வந்தவர் என்றே நான் நினைப்பேன். குன்றும் மேடும் இல்லாத தட்டையான நிலம். ஊருக்குள் ஊராகப் பின்னிக்கிடக்கும் ஒழுங்கைகள். காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடையில் பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் பாடசாலைக்குப் போகும் காட்சியை எங்கள் புத்தளத்துப் பெண்கள் முதன்முதல் பார்க்கும்போது வாயில் கை வைத்துக்கொள்கிறார்கள். அங்கே அது வியப்பே இல்லை. ஆசிரியை, தாதி, சந்தைக்குப் போகும் மூதாட்டி என்று எல்லோரும் அதில்தான் போய்வந்தார்கள்.

எங்கள் குடும்பம் சோனகத்தெருவைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபர் 30இல், இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டபோது எனக்குப் பத்து வயது. வாப்பாவின் சைக்கிள் சுவரில் சாய்ந்தபடியே நின்றது. அதற்குமேல் அந்த நாளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் புத்தளத்தில் வளர்ந்தோம். போர் 2009இல் முடிந்தபின் உறவினர்களில் சிலர் திரும்பிப் போய் வீடு திருத்தினார்கள். மதரஸா விடுமுறைக்கு நானும் போய்வருகிறேன். இப்படிப் போய்வந்ததில் என் மனத்தை உறுத்திய ஒன்றைத்தான் சகோதரிகளுக்குச் சொல்ல வந்தேன். பாடசாலைக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் போகும் பிள்ளைகள், ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு வந்து வாகனத்துக்கு முன்னால் குறுக்கே கடக்கும் விதம் அது.

அந்த விதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் பிள்ளைகளைக் கோபிக்காமல் இருக்க முடியும். 1990க்குப் பிறகு குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கிய மோட்டார் சைக்கிள்கள் சில இருந்தன; இயந்திரத்தை உயிர்ப்பிக்க மட்டும் சில துளி பெற்றோல் விடுவார்கள். மற்றபடி வீதி முழுவதும் சைக்கிள்தான். விறகு, நெல்மூட்டை, நோயாளி, ஏன், மணமக்கள்கூடச் சைக்கிளில் போனார்கள். மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். 1995இல், அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அவர்களுடைய வீடும் சைக்கிள் கரியரில்தான் போயிற்று.

சைக்கிளும் சைக்கிளும் சந்திக்கும் வீதிக்கு ஒரு மொழி உண்டு. ஒழுங்கையிலிருந்து வருகிறவர் நிற்பதில்லை. முகத்தைப் பார்ப்பார், மணியை ஒருமுறை தட்டுவார், எதிரே வருகிறவர் சற்றே விலகுவார். இருவருடைய வேகமும் ஒன்று; தவறினாலும் முழங்கால் தேய்வதோடு முடியும். ஒரு தலைமுறையே இந்த மொழியில் வளர்ந்தது. அது தன் பிள்ளைகளுக்கும் அதையே கற்றுக்கொடுத்தது.

ஆனால் வீதி மாறிவிட்டது. போருக்குப் பின் காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி எல்லாம் அகலிக்கப்பட்டுக் காப்பெற் போடப்பட்டன. தவணைக் கட்டணத்தில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வீட்டுக்கு வீடு வந்தன. மணலும் கல்லும் ஏற்றிய டிப்பர்கள் ஓடுகின்றன. வீதியை அகலிக்கும்போது ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு பாதை விடவேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலான இடங்களில் யாருக்கும் வரவில்லை. சைக்கிள் ஊரிலே இது எனக்கு விளங்காத புதிர்! வீதி மதிலைத் தேடிப் போனது. மதில்கள் ஒழுங்கையின் வாய்வரை வந்து நிற்கின்றன. முன் சக்கரம் வீதிக்குள் இறங்கிய பிறகுதான் பிள்ளையின் கண்ணுக்கு வீதி தெரிகிறது.

ரயிலும் அப்படித்தான். 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தது. இடையில் 24 ஆண்டுகள். தண்டவாளம் இருந்த இடத்தைத் திரும்பியும் பாராமல் கடந்து பழகிய கால்கள், ரயில் வந்துவிட்டது என்று ஒரே நாளில் மாறிவிடுமா? காவலாளியோ தடுப்போ இல்லாத கடவைகளில் உயிர்கள் போயின.

சென்ற முறை ஓர் ஓட்டோவில் மானிப்பாய் வீதியால் போய்க்கொண்டிருந்தேன். சைக்கிளில் ஒரு பிள்ளை ஒழுங்கையிலிருந்து வெளியே வந்து, எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே குறுக்கே போனாள். ஓட்டுநர் பிறேக்கை அழுத்தி நின்றார். கோபித்துக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி, "மௌலவி, அந்தப் பிள்ளை என்னைப் பாத்திட்டுது. தான் பாத்தால் நானும் கண்டிட்டன் எண்டு நினைக்குது. நான் கண்டால்தானே!" என்றார்.

இந்த விடயத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் அதைவிடத் தெளிவான பேச்சு இல்லை.

பிள்ளை வாகனத்தைக் காண்பது எளிது. அது பெரியது, சத்தம் போடுவது. ஓட்டுநர் பிள்ளையைக் காண்பது அப்படியல்ல. முன் கண்ணாடியின் இரு பக்கத்திலும் கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறதல்லவா, நமது நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் வலத் தூண் அவருடைய கண்ணுக்கு மிகக் கிட்ட இருக்கிறது. கண்ணுக்குக் கிட்டப் பிடித்த விரல் மலையை மறைப்பதுபோல, அந்தத் தூண் ஒரு சைக்கிளையும் அதில் இருப்பவரையும் முழுமையாக மறைத்துவிடும். வாகனமும் நகர, சைக்கிளும் நகர, இரண்டின் வேகமும் ஒரு கணக்கில் ஒத்துவிட்டால் கடைசிக் கணம்வரை சைக்கிள் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே இருக்கும். அஸருக்குப் பிறகு மேற்கு நோக்கி ஓட்டுகிறவருக்குக் கண்ணெதிரே வெயில். இன்னொன்றும் உண்டு. ஓட்டுநரின் கண் சந்தியில் பஸ்ஸையும் லொறியையும் தேடுகிறது. தேடாத பொருள் கண்ணெதிரே நின்றாலும் மனத்தில் பதியாமல் போவது மனித இயல்பு. தாளிப்பெட்டிக்குள் கடுகைத் தேடும்போது கையருகே இருக்கும் கரண்டி தெரியாமல் போவதைச் சமையலறையில் எத்தனை முறை கண்டிருப்பீர்கள்?

உறவினர் வீட்டுக்கு மணல் இறக்க வந்த லொறியில், ஓட்டுநரின் அனுமதியோடு அவருடைய ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இயந்திரம் நிறுத்தியிருந்தது. அந்த வீட்டுச் சிறுவனைச் சைக்கிளோடு லொறியின் முன்னால், இடது மூலையில் நிற்கச் சொன்னேன். பிள்ளை இல்லை! சைக்கிளும் இல்லை. வெறும் வீதிதான் தெரிந்தது. ஏறத்தாழ ஒரு பாயின் நீளம் அவன் தள்ளிப்போன பிறகே தொப்பி தெரிந்தது. நின்றிருக்கும் லொறிக்கு முன்னால் ஒட்டிக் கடப்பது எவ்வளவு பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம்! கீழே இறங்கியபோது அவனுடைய உம்மாவையும் ஏறிப் பார்க்கும்படி சொன்னேன். அவர் வெட்கப்பட்டார், பிறகு ஏறிப் பார்த்தார். இறங்கிய பின் சிறிது நேரம் பேசவில்லை.

இனிக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். நின்ற நிலையிலிருந்து சைக்கிளை மிதித்து அகலமான வீதியைத் தாண்ட ஒரு பிள்ளைக்கு நான்கு விநாடியாவது வேண்டும். அதற்குள் வாகனம் 65 மீட்டருக்கு மேல் வந்திருக்கும். பிள்ளையைக் கண்டு, கால் பிறேக்குக்குப் போகவே ஒரு விநாடிக்கு மேல் ஆகலாம். அதன் பின்தான் வேகம் குறையத் தொடங்கும். மாரி மழையில், பாரம் ஏற்றிய லொறியில் இன்னும் தாமதம். தூரத்தில்தானே வருகிறது என்று பிள்ளை நினைக்கும் தூரம் உண்மையில் தூரமல்ல.

ஆகவே வீட்டில் சொல்லிக் கொடுக்க வேண்டியது சிறிய விடயம்தான். ஒழுங்கையின் வாயில் இறங்க வேண்டும். மெதுவாக்குவது போதாது, கால் நிலத்தில் படவேண்டும். வலம் பார்த்து, இடம் பார்த்து, மறுபடி வலம் பார்த்து, வாகனம் நின்ற பிறகு அல்லது ஒன்றுமே வராதபோது, உருட்டிக்கொண்டு நேராகக் கடக்க வேண்டும். பாதசாரிக் கடவைக் கோட்டில் கடந்தாலும் இறங்கித்தான். அந்தக் கோடு நடப்பவருக்கு உரியது. மிதித்துக்கொண்டு சட்டென்று அதில் நுழைகிறவரை எந்த ஓட்டுநரும் எதிர்பார்ப்பதில்லை. வலப்பக்க ஒழுங்கைக்குத் திரும்ப நினைக்கும்போது, கையை நீட்டியபடி பின்னால் பாராமல் சாய்வாக வெட்டிப் போகும் பழக்கம் எல்லாவற்றிலும் ஆபத்தானது. முதுகுக்குக் கண் இல்லை. இடது ஓரத்தில் நின்று, இறங்கி, பிறகு கடக்கட்டும். இரண்டு பேர் சேர்ந்து போனால் முன்னால் போனவள் கடந்துவிட்டாள் என்பதற்காகப் பின்னவளும் பாய்வாள். இதைத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும்.

நம் பெண்பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு கஷ்டம். கறுப்பு அபாயா மஃரிப் நேரத்து இருட்டில் வீதியோடு வீதியாகக் கலந்துவிடுகிறது. ஆடையை மாற்றச் சொல்லவில்லை. இளநிற முக்காடு, கைப்பையில் அல்லது கரியரில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி, முன்னும் பின்னும் பற்றரி விளக்கு: இவற்றுக்கு மார்க்கத்தில் தடை ஏதும் இல்லை. பழைய டைனமோ விளக்கை நம்பாதீர்கள். சக்கரம் சுழன்றால்தான் அது எரியும். ஒழுங்கையின் வாயில் நின்றதும் அணைந்துவிடும். பிள்ளை கண்ணில் படவேண்டிய அதே கணத்தில்! பின் சக்கரத்துக்கு வலையும் சங்கிலிக்கு மூடியும் இல்லாத சைக்கிளில் அபாயாவோடு ஏறவிடவே கூடாது. நடு வீதியில் துணி சங்கிலியில் சிக்கி நிற்கும் பிள்ளைக்கு முன்னே பார்க்கவும் முடியாது, பின்னே ஓடவும் முடியாது.

எல்லாப் பொறுப்பையும் பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. நெதர்லாந்து இன்று சைக்கிள் நாடு என்று பெயர் பெற்றிருக்கிறது. 1971இல் அந்தச் சிறிய நாட்டின் வீதி விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். தாய்மாரும் தந்தைமாரும் வீதியில் இறங்கிக் கேட்டார்கள். வாகன வேகம் கட்டுப்படுத்தப்பட்டது, சைக்கிளுக்குத் தனிப் பாதை போடப்பட்டது. அங்கே இறங்கிக் கேட்டவர்களும் உம்மாமார்தான்.

நாம் உடனே செய்யக்கூடியதும் நம் வாசலிலேயே இருக்கிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று மேடையில் பேசுகிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்து ஒழுங்கையின் வாயை அடைத்து வாகனத்தை நிறுத்திவிட்டுப் போகிறோம். பாடசாலையிலிருந்து வரும் பிள்ளை அந்த வாகனத்துக்குப் பின்னாலிருந்துதான் வீதியை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூலை வீட்டுக்காரர் ஆசையாக வளர்த்த போகன்வில்லா பந்தலும் அதேபோலக் கண்ணை மறைக்கிறது. கொப்பை வெட்ட ஒரு கத்தியும் அரை மணி நேரமும் போதும்.

பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் பெரிய சந்திகளில் பொலிசார் நின்று பிள்ளைகளைக் கடக்கவிடுவதைக் கண்டிருக்கிறேன், நல்ல காரியம். ஆனால் ரியூசன் முடிந்து பிள்ளைகள் வெளியே வருவது மாலை ஆறு மணிக்கு. ஐந்து சந்தியில் ஒரு மாலை நின்று பார்த்தேன். பெயருக்கேற்றபடி ஐந்து பக்கமிருந்தும் வாகனம் வருகிறது, வெளிச்சம் மங்குகிறது, புத்தகப் பையோடு பிள்ளைகள் கடக்கிறார்கள். அந்த அரை மணி நேரம் அங்கே யாரும் நிற்பதில்லை. பள்ளிவாசலுக்கு மஃரிபுக்கு வரும் இளைஞர்களில் இருவர் பத்து நிமிடம் முந்தி வந்து நின்றால் போதும் என்று நிர்வாகத்தில் ஒருவரிடம் சொன்னேன். கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது, இன்ஷா அல்லாஹ், முதலில் அதைத்தான் அவரிடம் கேட்பேன்.