ராத்திரி ரத்தம்

ராத்திரி ஒன்பது மணி வாக்கில், ரேடியோவை அணைத்துவிட்டுத் திண்ணையில் பாய் விரிக்கும் நேரத்துக்குத்தான் அவர்கள் வருவார்கள். ஒருவர் கையில் டார்ச் லைட்டும் நோட்டும். இன்னொருவரிடம் மரப்பெட்டி, அதற்குள் கண்ணாடித் தகடுகள், ஸ்பிரிட் பஞ்சு, ஊசி. எழுபதுகளின் நடுவில் கும்பகோணத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டியைவிட, யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்க வரும் ஃபைலேரியாக்காரர்கள் என்றால்தான் பயம். தூங்கினால் விட்டுவிடுவார்கள் என்று போர்வைக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். விடமாட்டார்கள். தூங்குகிறவன் விரலில் குத்துவது அவர்களுக்கு இன்னும் சுலபம்.

அப்பாயிக்கு இதில் தீராத சந்தேகம். "பட்டப்பகல்ல வந்து எடுத்தா என்னப்பா? ராத்திரிதான் வரணுமா?"

"பகல்ல புழு அகப்படாதுங்க பாட்டி. நெஞ்சுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். ராத்திரிதான் தோல் பக்கம் வரும்" என்பார் பெட்டிக்காரர்.

குழந்தைகளுக்குச் சொல்லும் கதை என்று நினைத்திருந்தேன். பின்னால் படித்தபோது அத்தனையும் உண்மை. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் கிடக்கும். இரவு பத்திலிருந்து இரண்டு மணிக்குள் தோலோரத்து ரத்தத்துக்கு வந்து கூடும். அதைக் கடத்தும் க்யூலெக்ஸ் கொசு கடிப்பதும் ராத்திரியில்தான். கொசுவின் வேளையைப் புழு அப்படி அறிந்து வைத்திருக்கிறது. 1877-லேயே சீனத்து அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கொசுவின் உடம்புக்குள் இந்தப் புழு வளர்வதைக் கண்டுவிட்டார். நூறு வருஷம் கழித்தும் எங்கள் தெருவில் கிணற்றுத் தண்ணீரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாயிக்கு இடது கால் யானைக்கால். கணுக்காலே தெரியாது. கல்யாண வீடுகளில் சேலையைக் கால்விரல் வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக உட்காருவாள். பந்தியில் பக்கத்து இலைக்கு ஆள் வரத் தயங்குவார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தி, அப்பாயியைப் பார்த்ததும் வேறு வரிசைக்குப் போனது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்பாயி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, பார்க்காதவள்போல இருந்தாள்.

சாயங்காலமானால் கிணற்றடியில் ஒரு மணைப்பலகை போட்டு உட்கார்ந்து அந்தக் காலைக் கழுவுவாள். சோப்பை முதலில் கையில் குழைத்துக்கொள்வாள். மடிப்பு மடிப்பாக விரித்து, விரலிடுக்குகளில் பழைய மல்துணியைத் திரி மாதிரி விட்டு ஈரத்தை ஒற்றி எடுப்பாள். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை, ஆனால் துணியைப் பிடிக்கிற வேலை என்னுடையது. படுக்கும்போது காலைத் தலையணை மேல் ஏற்றிக்கொள்வாள். ஒரு வயதான டாக்டர் சொன்னாராம். முன்பெல்லாம் மாதம் தவறாமல் குளிர்காய்ச்சல் வரும், தொடையிடுக்கில் நெறி கட்டும். கழுவ ஆரம்பித்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது என்பாள்.

அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் புழுவால் வருவதில்லை, விரலிடுக்குப் புண் வழியே நுழையும் பாக்டீரியாவால் வருகிறது என்பதை மருத்துவ உலகம் பின்னால்தான் உறுதிப்படுத்தியது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் மருத்துவர் ஜெருசா டிரேயர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார். சோப்பும் தண்ணீரும் காய்ந்த துணியும்தான் அவர் முன்வைத்த சிகிச்சையின் அடிப்படை. இதற்காக அப்பாயி செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். கத்திரிக்காயும் கருவாடும் தொடாமல் எத்தனையோ வருஷம் வாயைக் கட்டினாளே, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒருமுறை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அப்பாயியின் ரத்தத்தில் ஒரு புழுக்குஞ்சும் இல்லை. அண்ணனின் ரத்தத்தில் இருந்தது.

அண்ணன் கபடி ஆடுகிறவன். காலில் ஒரு சின்ன வீக்கம்கூட இல்லை. அம்மா நம்பவே இல்லை. தகடு மாறிவிட்டது என்று பெட்டிக்காரரோடு சண்டைக்குப் போனாள். அவர் நிதானமாகச் சொன்னார்: கால் பெருத்தவர்கள் ரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சு இருக்காது. நன்றாக ஓடியாடுகிறவர்களிடமிருந்துதான் கொசு அதை எடுத்துப்போகும். அம்மா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இத்தனை காலம் தெரு ஒதுக்கிவைத்தது யாரிடமும் ஒட்டாத காலை.

அண்ணனுக்குப் பன்னிரண்டு நாள் மாத்திரை. இரண்டாம் நாளே காய்ச்சல், தலைவலி, குமட்டல். மாத்திரைதான் நோயைக் கொண்டுவந்தது என்று பல வீடுகளில் அதைச் சாக்கடையில் கொட்டினார்கள். புழுக்குஞ்சுகள் சாவதால் வரும் காய்ச்சல் அது. அப்பா விடவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து விழுங்க வைத்தார்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. செப்டிக் டேங்க் குழாயின் வாயில் பழைய வேட்டியை இரட்டையாக மடித்துக் கட்டினார். வாரத்துக்கு ஒருமுறை நகராட்சி ஆள் சாக்கடையில் கொசு எண்ணெய் அடித்துவிட்டுப் போவார். வராத வாரம் அப்பா அவர் வீட்டுக்கே போய்விடுவார். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், ஒரு வாரம் தவறினால் முந்திய வாரத்து எண்ணெய் வீண் என்பது அவர் கணக்கு. தெருவில் அவருக்குச் சாக்கடைக்காரர் என்று பட்டப்பெயர். அந்தக் காலத்தில் எனக்கு அது பெரிய அவமானம்.

1996-இல் கடலூர் மாவட்டத்தில் தொடங்கி, ஊர் முழுக்க எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை கொடுக்கும் முறை வந்தது. வருஷத்துக்கு ஒரு வேளை. தாய்ப்புழு உடம்புக்குள் நாலைந்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும் என்பதால் பல வருஷம் விடாமல் கொடுக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் தவிர எல்லோருக்கும் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு மூன்று மாத்திரை.

அப்படி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளரிடம் எதிர்வீட்டுக்காரர், "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, கால் வீங்கினவங்களுக்குக் கொடும்மா" என்றார். அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் அண்ணன் தன் வேட்டியை முழங்கால் வரை தூக்கி, "இந்தக் காலைப் பாருங்க சார், எங்கயாவது வீங்கியிருக்கா?" என்று ஆரம்பித்துவிட்டான். கதை முடிய கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண் வெயிலில் நின்றபடியே, "சாப்பிட்டாச்சாங்க? வெறும் வயித்துல போடக் கூடாது" என்று மட்டும் கேட்டாள். அவர் உள்ளே போய் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து கையை நீட்டினார்.