சன்னல் கம்பியும் பால் பல்லும்

1981 முதல் எட்டாண்டுகள் சென்னைத் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். சாலையை நோக்கிய பெரிய சன்னலே அவ்வீட்டின் செல்வம். காலையில் துடைத்த கம்பிகளில் அஸருக்குள் சாம்பல் நிறத் தூசு படிந்துவிடும். 1982இல் பிறந்த நம் மகள், அக்கம்பிகளைப் பற்றியே எழுந்து நிற்கக் கற்றாள். பல் முளைக்கும் குறுகுறுப்பு தாளாமல் அவற்றையே கடிப்பாள். "இரும்புதானே, உடம்புக்கு நல்லது" என்று சொல்லிச் சிரித்தவர்கள் நாம்தாம்.

அந்நாளில் நமக்குப் பகையாய்த் தோன்றியவை பேருந்துகள். அவற்றின் கரும்புகையைச் சபிக்காத நாளில்லை. ஆனால் நாம் சொல்ல வந்த கேடு டீசல் புகையில் இல்லை. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத புகையை விட்டுச் சென்ற ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் காரிலும் அது இருந்தது. அவை குடித்த பெட்ரோலில் காரீயம் கலந்திருந்தது.

நம் வீட்டுத் தேக்சாவுக்குக் கலாய் பூசுகிறார்களே, அது வெள்ளீயம், வேறு உலோகம். இரண்டையும் 'ஈயம்' என்றே அழைத்துப் பழகியதாலோ என்னவோ, காரீயத்தின்பால் நமக்கு அச்சம் பிறக்கவில்லை.

பெட்ரோல் தறிகெட்டு எரிந்து இயந்திரம் 'தட்டுவதை' ஓர் ஈயச் சேர்மம் தடுக்கும் என்று 1921இல் அமெரிக்காவில் கண்டவர் தாமஸ் மிட்ஜ்லி. 1923இல் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் அதைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். அப்போது மிட்ஜ்லி செய்தியாளர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தில் தம் கைகளைக் கழுவிக் காட்டி, அதன் ஆவியையும் முகர்ந்து, தீங்கில்லை என்றார். ஈய நஞ்சால் தாமே நோயுற்று ஓய்வெடுக்கச் சென்று வந்தவர் அவர் என்பதை அங்கே சொல்லவில்லை. அறிந்தே மறைத்த இச்செயலை நம்மால் பிழை என்று மட்டும் எழுத இயலவில்லை.

ஈயம் ஒரு தனிமம், அது மக்குவதில்லை. புகைக்குழாய் வழியே நுண்துகளாய் வெளியேறி, சாலையோர மண்ணிலும் சன்னல் விளிம்பிலும் படிகிறது. வாயில் விரல் வைக்கும் குழந்தைதான் அதை முதலில் உண்கிறது. வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு கூடுதலாக ஈர்த்துக்கொள்வது குழந்தையின் உடல். சுண்ணாம்புச் சத்து என்று மயங்கி எலும்பிலும் பல்லிலும் அதைச் சேர்த்து வைக்கிறது, மூளைக்குள்ளும் விட்டுவிடுகிறது.

1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர், பாஸ்டனை அடுத்த ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து ஆராய்ந்தார். ஈயம் மிகுந்த பல்லுக்குரிய பிள்ளைகள் அறிவுத்தேர்வில் பின்தங்கினர். 'கவனம் நிற்பதில்லை' என்று ஆசிரியைகளாலும் குறிக்கப்பட்டனர்.

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. 'கவனம் நிற்பதில்லை' என்பது நம் மகளின் மதிப்பெண் அட்டையில் ஆண்டுதோறும் வந்த வாசகம். கணக்கு வராததற்காக அவள் காதைத் திருகியது இந்தக் கைதான். காரணம் ஈயம்தான் என்று சொல்ல நம்மிடம் ஆதாரமில்லை. அவள் பால் பற்களை வழக்கப்படி கூரைமேல் வீசிவிட்டோம்.

இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. அந்தச் செய்தியைத் தொலைபேசியில் நமக்குப் படித்துக் காட்டியவள் அம்மகளே. நெடுஞ்சாலையோரப் பழைய வீடொன்றில் வாழ்கிறாள். பெட்ரோல் மாறினாலும் மண்ணில் விழுந்தது அங்கேயே கிடக்கும். ஆகவே வாசல் மண்ணில் கீரை போடாதே, தூசியை விளக்குமாற்றால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடை என்றோம்.

"அதனால்தான் எனக்குக் கணக்கு வரலையா, வாப்பா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றோம். காதைத் திருகியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.