டவருக்கு டவர் 6 கிலோமீட்டர்

உடுமலை - பழநி சாலையில், அமராவதிப் பாசனத்தில் இருக்கிறது மடத்துக்குளம். நகரத்தில் செல்போன் டவர்களை நெருக்கமாக வைக்கலாம். நெல்லும் கரும்பும் தென்னந்தோப்புமாக விரிந்து கிடக்கும் ஊர்களில் அது கட்டுப்படியாகாது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக மொட்டை மாடி ஏறிய பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

5ஜி-க்கு உலக அளவில் விதிகள் வகுத்தபோது இந்தக் கவலையை எடுத்துப்போனது இந்தியா. டவருக்கு டவர் 6 கி.மீ. இடைவெளி இருந்தாலும் கிராமத்தில் சேவை கிடைக்கிறதா என்ற சோதனையை, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017-ல் ஏற்றுக்கொண்டது. சென்னை, ஹைதராபாத் ஐஐடி ஆராய்ச்சியாளர்களின் உழைப்பு அதில் உண்டு. பிறகு '5ஜிஐ' என்று இந்தியாவுக்கென ஒரு தரமே உருவானது.

சிக்கலும் அங்கேதான். நமக்கு மட்டும் தனி விதி என்றால் போனும் தனி, டவர் கருவியும் தனி. விலை ஏறிவிடும். தொழில்துறையில் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில், 5ஜிஐ-யின் அம்சங்கள் '3ஜிபிபி' என்ற உலகப் பொதுத் தரத்தோடு இணைக்கப்பட்டன.

திருப்பூர் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. ஸ்பின்னிங், நிட்டிங், டையிங், தையல் என ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில். '30 கவுன்ட்' என்றால் அத்தனை பேருக்கும் ஒரே நூல்தான். அந்தப் பொதுப் பேச்சு இல்லாவிட்டால் ஒரு பனியன்கூட முழுதாக வெளியே வராது.

2022 அக்டோபர் 1-ல் இந்தியாவில் 5ஜி தொடங்கியது. 2023-ல் 'பாரத் 6ஜி கூட்டணி' அமைந்து, தொழில் நிறுவனங்களும் கல்வி நிறுவனங்களும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த மேஜையில் கரும்புக் காட்டுக்காகவும் ஒருவர் பேச வேண்டும். விதி எழுதி முடித்த பிறகு, டவருக்காக மனு கொடுத்துப் பயனில்லை.