கூடும், கூடாது, வேண்டும்

'ஈமான்', 'அறம்', 'அன்பு' போன்ற பெருஞ்சொற்களுக்குப் பொருள் கேட்டு நாம் பெரியோரை நாடுகிறோம். வினையின் பின்னால் ஒட்டி வரும் 'வேண்டும்', 'கூடும்', 'லாம்' ஆகிய சிறு சொற்களுக்குப் பொருள் கேட்பார் இலர். ஆயினும், ஒரு செயலைச் செய்தே தீர்வதா, செய்தால் நன்றா, செய்யினும் விடினும் ஒன்றா என்பதை உணர்த்துவன இச்சிறு சொற்களே.

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் 'மஸ்ட்' என்பதற்கும் 'ஷுட்' என்பதற்கும் 'வேண்டும்' என்றே பொருள் எழுதிக்கொள்கின்றனர். "இரண்டும் ஒன்றுதானே ஐயா?" என்று தமிழ்த்துறைக்கே வந்து கேட்போரும் உண்டு. அவர்களுக்கு நான் தொழுகையை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். ஐவேளைத் தொழுகை ஃபர்ளு. தொழுதே ஆக வேண்டும். வைகறை ஃபர்ளுக்கு முன்னுள்ள இரண்டு ரக்அத்துகள் சுன்னத்து. தொழுவது மிகச் சிறப்பு. முன்னது 'மஸ்ட்', பின்னது 'ஷுட்'. ஹனஃபி அறிஞர்கள் இவ்விரண்டிற்கும் இடையே 'வாஜிப்' என்று இன்னுமொரு படியை வகுத்தனர். வித்ருத் தொழுகை ஹனஃபி மத்ஹபில் வாஜிபாகவும் ஷாஃபியீ மத்ஹபில் சுன்னத்தாகவும் நிற்பது இதனாலேயே. கடமையின் அளவை நுணுகி அறிந்தோர் அதற்குரிய சொல்லையும் நுணுகி வகுத்தனர்.

'மே' என்பதற்கு வருவோம். "நீ போகலாம்" என்பது இசைவு. "மழை வரலாம்" என்பது ஐயம். ஆங்கில 'மே' இவ்விரு பொருளையும் தாங்கும். 'மைட்' என்றால் ஐயம் சற்று மிகும். தமிழில் ஐயத்தைக் குறிக்கக் 'கூடும்' என்பதும் வழங்குகிறது. ஆனால், முஸ்லிம்களின் தமிழ் வழக்கில் அச்சொல்லின் நிலையே வேறு. "கடல்நீரில் ஒளுச் செய்யக் கூடுமா?" என்று வினவினால் ஆலிம் "கூடும்" என்பார். அதில் ஐயத்தின் நிழலும் இல்லை. மார்க்கம் அதனை ஏற்கிறது என்பதே பொருள். வானொலி "மழை பெய்யக்கூடும்" என்றாலோ, பெய்யாமலும் போகலாம். ஒரே சொல் ஓரிடத்தில் உறுதி, மற்றோரிடத்தில் ஐயம்.

இவ்வேறுபாட்டின் விலையை அறிய மரக்காணத்திற்குச் செல்ல வேண்டும். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் அது. சிறுபாணாற்றுப்படை சுட்டும் எயிற்பட்டினம் அதுவே என்பர் அறிஞர் சிலர். அங்கே உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவைத்து உப்பு விளைவிக்கின்றனர். கோடையில் வானம் கறுத்தால் உப்பளத் தொழிலாளிக்கு இருவழிக் கலக்கம். முற்றாத உப்பை வாரினால் அளவும் தரமும் குறையும். வாராது விட்டால் ஒரே மழையில் உழைப்பெல்லாம் கரையும். மழை 'வரும்' என்றார்களா, 'வரலாம்' என்றார்களா என்பது அவருக்கு இலக்கண வினா அன்று, அன்றைய கூலி.

இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் முன்னறிவிப்பில் நிகழ்தகவைப் படிப்படியாகப் பிரித்தே கூறுகிறது. 25 முதல் 50 விழுக்காடு வரை ஒரு சொல். 50 முதல் 75 வரை அதனினும் வலிய சொல். 75-க்கு மேல் மற்றொரு சொல். தமிழில் பெயர்க்குங்கால் இம்மூன்றும் 'பெய்யக்கூடும்' என்ற ஒன்றிலேயே அடங்கிவிட்டால், அறிவியல் அரும்பாடுபட்டு அளந்த அளவு கேட்போர் காதை எட்டாது போகிறது.

அக்கரையின் மீனவர் கேட்கும் அறிவிப்புகளும் இரு வகையின. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குள் சென்று மீன்பிடிக்கக் 'கூடாது' என்பது சட்டம். புயற்காலத்தில் கடலுக்குச் செல்ல 'வேண்டாம்' என்பது அறிவுரை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடக்கும் முன்னரும் மீனவர்க்கு இவ்வறிவுரை வழங்கப்பட்டது. 'வேண்டா' என்பதன் அடிப்பொருள் 'தேவையில்லை' என்பதாகும். வறுமையில் உழல்பவர் "எனக்குத் தேவை உண்டே" என்று படகைத் தள்ளிவிட்டால் என் செய்வது? 'கூடாது' என்பதை மீறினால் தண்டம். 'வேண்டாம்' என்பதை மீறினால் உயிர். மெலிந்த சொல்லே வலிய பொருளைச் சுமக்கும் இடம் இது.

நம் இலக்கண ஆசிரியர்கள் இத்தகைய நுட்பங்களில் கருத்துடையோராய் இருந்தனர். ஏவலை முன்னிலைக்கு உரித்தாக்கி, வியங்கோளை வேறாக வைத்தனர். அவ்வியங்கோளைத் தொல்காப்பியர் பெரும்பாலும் படர்க்கைக்கு உரியதாகக் கொள்ள, நன்னூலார் மூவிடத்திற்கும் விரித்தார். சொல்லுக்குரிய எல்லையை ஆராய்ந்த மரபு நம்முடையது.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் சிலர் செய்தி எழுதுவீர். சிலர் சட்டத்தைத் தமிழாக்குவீர். சிலர் மருந்தின் அளவை நோயாளிக்கு விளக்குவீர். அங்கெல்லாம் கட்டாயத்தை அறிவுரையாக மெலித்தலும் தவறு. ஐயத்தை உறுதியாக ஊதிப் பெருக்குதலும் தவறு. 'வேண்டும்' என்று எழுதுமுன் எவ்வளவு வேண்டும் என்றும், 'கூடும்' என்று எழுதுமுன் எப்பொருளில் கூடும் என்றும் ஒருகணம் நின்று எண்ணுங்கள். நம் சொல்லை நம்பிப் பாத்தியிலும் படகிலும் நிற்போர் பலர். அவர்தம் நம்பிக்கைக்கு வஞ்சம் செய்யாத சொல்லாற்றலை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!